பெரியப்பாவின் பேரேடு: ஈரோடு கிழக்கில் ஆறு நாள்

பிப்ரவரி 3, 2025, திங்கள்

பொங்கல் முடிந்த வாரத்தில் பெரியம்மா ஃபோன் செய்தார். "ஏழாம் தேதி பெரியப்பாவுக்குத் திதி. ஐந்தாம் தேதி ஓட்டு. இரண்டுக்கும் துணைக்கு ஆள் வேண்டும் கண்ணு" என்றார். எம்.எல்.ஏ. இறந்ததால் ஈரோடு கிழக்கில் இடைத்தேர்தல். அலுவலகத்தில் ஆறு நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஓட்டுப் போடுவதற்குத் துணை கேட்கிறவர் அல்லர் அவர். கேட்டிருக்கிறார் என்றால் காரணம் இருக்கும்.

ஈரோடு ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தபோது பனி இன்னும் விலகவில்லை. காளைமாட்டுச் சிலைக்கு அருகே ஒரு கடையில் தேநீர் குடித்தேன், 12 ரூபாய். கடைக்காரர் கண்ணாடிக் குவளையை இரண்டு முறை வெந்நீரில் அலசிவிட்டுத்தான் ஊற்றினார். "ஊருக்குப் புதுசுங்களா?" என்று கேட்டவர், கருங்கல்பாளையம் என்று சொன்னதும் "அங்கே போகிற வழியெல்லாம் சோதனை நடக்கிறது, பார்த்துப் போங்கள்" என்றார். நான் அதைக் காதில் வாங்கிக்கொண்டேனே தவிர, மனத்தில் வாங்கவில்லை.

பெரியம்மா வீட்டு ஓடு மாற்றுவதற்காக 68 ஆயிரம் ரூபாய் ரொக்கமாகக் கொண்டுவந்திருந்தேன். அவருக்கு வங்கியும் கார்டும் பிடிக்காது, கொத்தனாருக்கும் பிடிக்காது. மணிக்கூண்டைத் தாண்டிக் காவிரிச் சாலையில் ஏறியதும் ஆட்டோவைப் பறக்கும் படை நிறுத்தியது. தேர்தல் நடத்தை விதிகள் அமலில் இருக்கும்போது 50 ஆயிரத்துக்கு மேல் ரொக்கம் வைத்திருந்தால் கையில் ஆவணம் வேண்டும். பத்து வருடமாகச் செய்தித்தாளில் படிக்கிற விதிதான் இது. அது என் கைப்பைக்கும் பொருந்தும் என்று தோன்றவே இல்லை.

பையைத் திறந்ததும் வீடியோ எடுக்கத் தொடங்கினார்கள். ஒரு பெண் அதிகாரி பணத்தை எண்ணினார். வங்கியிலிருந்து எடுத்ததற்கான குறுஞ்செய்தியைத் தேடினால் ஃபோனில் கிடைக்கவில்லை. கையெல்லாம் வேர்த்துவிட்டது. "பதறாதீர்கள் அம்மா, நிதானமாகத் தேடுங்கள்" என்று அந்த அதிகாரி தம் நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். கடைசியில் வங்கிக் கணக்கின் விவரப் பக்கத்தை இறக்கிக் காட்டிய பிறகு, பெயர், முகவரி, காரணம் எல்லாம் எழுதிக்கொண்டு விட்டார்கள். 40 நிமிடம் ஆகியிருந்தது. ஆட்டோக்காரர் காத்திருந்ததற்குத் தனியாக எதுவும் கேட்கவில்லை. பேசிய 80 ரூபாயைத்தான் வாங்கிக்கொண்டார்.

பெரியம்மா வாசலிலேயே நின்றிருந்தார். இரண்டு வருடத்தில் ஆள் பாதியாகிவிட்டார். சந்தகை பிழிந்து, தேங்காய்ப்பாலும் வெல்லமும் வைத்திருந்தார். நான் தட்டைக் காலி செய்யும்வரை எதுவும் பேசவில்லை.

மாலையில் தெருவுக்குள் கடைசி வண்டிகள் வந்தன. வாக்குப்பதிவு முடிவதற்கு 48 மணி நேரத்துக்கு முன்னால் பிரசாரம் நின்றுவிட வேண்டும். ஆறு மணிக்கு ஒலிபெருக்கிகள் வாயடைத்துப்போயின. அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் இந்தத் தேர்தலைப் புறக்கணித்துவிட்டதால், தி.மு.க.வின் வி.சி. சந்திரகுமாருக்கும் நாம் தமிழர் கட்சியின் மா.கி. சீதாலட்சுமிக்கும் இடையில்தான் போட்டி. "இது எவ்வளவோ பரவாயில்லை. அந்தத் தடவைதான் காதே போனது" என்றார் பெரியம்மா.

அந்தத் தடவை என்று அவர் சொன்னது 2023 பிப்ரவரியில் நடந்த இடைத்தேர்தலை.

இரவு எட்டு மணிக்கு மேல் பன்னீர்செல்வம் பூங்கா பக்கம் போனேன். திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கிற ஜவுளிச் சந்தை ஈரோட்டின் நாடி. பெரியப்பா 38 வருடம் ஒரு ஜவுளிக் கிடங்கில் கணக்கெழுதியவர். சின்ன வயதில் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு இந்த மூட்டைகளுக்கு நடுவே நடந்திருக்கிறேன். இன்று கடைகளில் விளக்கு எரிந்தது, பேச்சு இல்லை. துண்டும் லுங்கியும் விற்கிற ஒருவர், கேரளத்து வாடிக்கையாளர்கள் நான்கு வாரமாக வரவில்லை என்றார். பணத்தோடு வந்தால் வழியில் பிடிபடுமோ என்ற பயம். "இறந்தவரைக் குறை சொல்ல முடியுங்களா? ஆனால் இரண்டு வருடத்தில் இரண்டாம் தடவை எங்கள் பிழைப்பு நிற்கிறது." அவர் கோபமாகச் சொல்லவில்லை. விற்காத மூட்டைமேல் கையை வைத்துக்கொண்டு சொன்னார்.

பிப்ரவரி 4, செவ்வாய்

காலையில் அரிசிம்பருப்புச் சாதம், மேலே உருக்கிய நெய். இதற்காகவே ரயில் ஏறலாம்.

சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு பெரியம்மா அலமாரியிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்து என் முன் வைத்தார். வாக்காளர் தகவல் சீட்டு. ஒன்று அவருக்கு. இன்னொன்று பெரியப்பாவுக்கு.

பெரியப்பா இறந்தது 2023 ஜனவரி 31-ஆம் தேதி.

"போன வாரம் கொண்டுவந்து கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்" என்றார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. இரண்டு வருடமாகப் பட்டியலில் இருக்கிற பெயரை ஒருவர்கூட எடுக்கவில்லை என்றால், வீடுவீடாகச் சரிபார்த்ததாகச் சொல்வதெல்லாம் என்ன? உடனே யாரிடமாவது போய்க் கேட்க வேண்டும் என்று எழுந்தேன். பெரியம்மா என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "அவர்கள் கேட்டார்கள் அம்மிணி. இறப்புச் சான்றிதழ் கொடுங்கள், ஒரு படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்று போன வருடமே கேட்டார்கள். நான்தான் நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்."

இதற்குத்தான் துணை தேவைப்பட்டிருக்கிறது.

அடுத்த வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் பல தேர்தல்களில் வாக்குச்சாவடி அலுவலராக இருந்தவர். அவரிடம் போய்க் கேட்டேன். பெயர் நீக்கத்துக்குப் படிவம் 7. ஆனால் வேட்புமனுவின் கடைசி நாள் கடந்துவிட்டால் தேர்தல் முடியும்வரை பட்டியலில் சேர்ப்பதும் இல்லை, நீக்குவதும் இல்லை. "முடிவு வந்த பிறகு கொடுங்கள், நானே கூட வருகிறேன்" என்றார். அவர் மனைவி மறுக்க மறுக்கக் கேட்காமல் ஒரு டம்ளர் கம்பங்கூழ் கொடுத்தார், சின்ன வெங்காயத்தோடு. வெயில் அதற்குள் ஏறிவிட்டது. பிப்ரவரிதான், ஆனாலும் பதினொரு மணிக்குமேல் தெருவில் செருப்பில்லாமல் நிற்க முடியவில்லை.

சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று அவரிடம்தான் தெளிவாகக் கேட்டுக்கொண்டேன். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151ஏ பிரிவுப்படி, ஓர் இடம் காலியானால் ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடத்த வேண்டும். மீதமிருக்கும் பதவிக்காலம் ஒரு வருடத்துக்குக் குறைவாக இருந்தால் விலக்கு உண்டு. ஈ.வெ.கி.ச. இளங்கோவன் இறந்தது 2024 டிசம்பர் 14. சட்டமன்றத்தின் காலம் 2026 மே வரை. அதனால் தேர்தல் வந்தாக வேண்டும். ஜெயிக்கிறவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய 15 மாதம்.

இந்தத் தொகுதியின் கதையில் என்னை உலுக்குவது அந்தக் கணக்கு இல்லை. 2021-இல் இங்கே வென்றவர் இளங்கோவனின் மகன் திருமகன் ஈவெரா. 2023 ஜனவரி 4-ஆம் தேதி மாரடைப்பில் இறந்தபோது வயது 46. மகன் உட்கார்ந்திருந்த இடத்துக்கு அப்பா போட்டியிட்டார், வென்றார். அவரும் காலம் முடிவதற்குள் போய்விட்டார். ஒரே பேரவைக் காலத்தில் ஒரே தொகுதி, ஒரே குடும்பத்தில் இரண்டு பேரை இழந்திருக்கிறது. பெரியாரின் அண்ணன் வழி வந்த குடும்பம் அது. இந்த ஊருக்கு அந்த வீடு வெறும் அரசியல் வீடு இல்லை.

"அந்தத் தேர்தலுக்கு மனு வாங்கத் தொடங்கிய அன்றைக்குத்தான் இவர் போனார்" என்றார் பெரியம்மா. நான் தேதியைப் பொருத்திப் பார்த்தேன். சரிதான், ஜனவரி 31. பதினாறாம் நாள் காரியத்தின்போது தெருவில் பிரசார வண்டிகள் இடைவிடாமல் போனதை நானே பார்த்திருக்கிறேன். உள்ளே ஐயர் சொல்லுகிற மந்திரம் எங்களுக்குக் கேட்கவில்லை. காரியத்துக்கு வந்தவர்களைக் காட்டிலும் ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வந்தவர்கள் அதிகம். வீட்டில் துக்கம் என்று சொன்னதும் சிலர் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே வந்து பெரியப்பாவின் படத்தைக் கும்பிட்டார்கள். சிலர் வாசலில் நின்றே சின்னத்தைச் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த இரண்டு வகையினரையும் பெரியம்மா இன்றைக்கும் தனித்தனியாக நினைவு வைத்திருக்கிறார்.

"நான் அந்தத் தடவை ஓட்டுப் போடவில்லை. ஒரு மாதம்கூட ஆகவில்லை, எப்படிப் படி இறங்குவது? கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து அவரோடு போகாமல் ஒரு ஓட்டும் போட்டதில்லை."

"போன வருடம் பாராளுமன்றத் தேர்தலுக்கு?"

"போகவில்லை கண்ணு."

பிப்ரவரி 5, புதன்

பெரியம்மா ஐந்து மணிக்கே குளித்துவிட்டார். பழைய பச்சை நூல் புடவை, பெரியப்பா எடுத்துக் கொடுத்தது. பையில் வாக்காளர் அட்டை, ஒரு பாட்டில் தண்ணீர், மடித்து வைத்த இரண்டு சீட்டுகளும். பெரியப்பாவுடையது எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஏழு மணிக்கே பள்ளி வாசலில் வரிசை இருந்தது. வாக்குச்சாவடிக்கு 100 மீட்டருக்குள் ஃபோன் கூடாது என்பது அப்போதைய விதி. நான் இந்த ஊர் வாக்காளரும் இல்லை. ஆகவே சுண்ணாம்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம் அவருடைய ஃபோனையும் கண்ணாடிக் கூட்டையும் வைத்துக்கொண்டு நின்றேன். தேர்தலுக்கு விடுமுறை, விசைத்தறிச் சத்தம் இல்லை. பள்ளி மரத்தில் கிளி கத்துவதுகூடக் கேட்டது.

ஒரே பள்ளியில் இரண்டு சாவடிகள். பெரியம்மா தவறான வரிசையில் 25 நிமிடம் நின்றுவிட்டார். வாசலில் இருந்த பலகையில் பாக எண்கள் பொடி எழுத்தில் இருந்தன. அறுபதைத் தாண்டிய கண்ணுக்கு அது பலகையே இல்லை. கதவருகே போன பிறகு சீட்டைப் பார்த்துத் திருப்பி அனுப்பினார்கள். நான் கோட்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன், போய்ச் சொல்ல முடியவில்லை. அடுத்த வரிசையின் கடைசிக்கு அவர் நடக்கத் தொடங்கியதும், நடுவில் நின்ற ஒரு இளம்பெண், இடுப்பில் குழந்தையோடு, "அம்மா, என் முன்னால் வாருங்கள்" என்று இடம் விட்டார். அவருக்குப் பின்னால் இருந்த எட்டுப் பத்துப் பேரில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. காவலுக்கு நின்ற பெண் போலீஸ் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து போட்டார். பெரியம்மா உட்காரவில்லை.

எட்டரை மணிக்குச் சாலையில் பழனிக்கு நடந்து போகிற பக்தர்கள் வந்தார்கள். தைப்பூசம் பதினோராம் தேதி. பச்சை வேட்டி, தோளில் சின்னக் காவடி, கொப்புளம் வெடித்த கால்கள். கோட்டைத் தாண்டக் கூடாது என்று போலீஸ்காரர் சொன்னதும் சாலையின் மறுபக்கம் ஒதுங்கி, அரோகரா சத்தத்தைக்கூடத் தாழ்த்திக்கொண்டு நடந்தார்கள். வரிசையில் நின்ற ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு அவர்களைப் பார்த்துக் கும்பிட்டார்.

பெரியம்மா வெளியே வந்தபோது மணி ஒன்பது. இடது ஆட்காட்டி விரலில் மை காயாமல் இருந்தது. விரலைத் தனியாக நீட்டிக்கொண்டே நடந்துவந்தார், ஈரச் சுவரைத் தொட்ட குழந்தை மாதிரி. 46 வேட்பாளர்கள், நோட்டாவோடு 47 பொத்தான். ஓர் இயந்திரத்தில் 16-தான் கொள்ளும் என்பதால் மூன்று இயந்திரங்களை வரிசையாக வைத்திருந்தார்களாம். 2023-இல் 77 பேர் நின்றதால் ஐந்து வைத்தார்கள். "பொத்தானை அமுக்கினேன். பக்கத்துப் பெட்டியில் சீட்டு தெரிந்தது. அது விழுகிற வரைக்கும் பார்த்தேன்" என்றார். ஏழு விநாடி தெரியும் அது. யாருக்கு என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"அவர் பெயர் பட்டியலில் என் பெயருக்கு மேலேயே இருந்தது. அந்தப் பையன் அளவுகோலை வைத்து என் பெயரைத் தேடினான். அவர் படத்தின்மேல் அளவுகோல் இருந்தது."

அதற்குமேல் வீடு வரும்வரை பேசவில்லை. வழியில் இளநீர் குடித்தோம், 40 ரூபாய். வழுக்கையைச் சுரண்டிக் கொடுத்தவர் பெரியம்மாவின் விரலைப் பார்த்துவிட்டு, தானும் விரலை நீட்டிக் காட்டினார்.

ஆறு மணிக்கு வாக்குப்பதிவு முடிந்தது. பதிவானது 67.97 சதவீதம். 2023-இல் நான்கில் மூன்று பேர் ஓட்டுப் போட்டிருந்தார்கள். குறைந்துவிட்டதே என்று தொலைக்காட்சியில் வருத்தப்பட்டார்கள். சட்டமன்ற, பாராளுமன்றத் தேர்தல்களுக்கு மட்டுமே நான்கு வருடத்துக்குள் நான்காவது தடவையாக வரிசையில் நிற்கச் சொல்லியும், பெரிய கட்சிகள் சில ஒதுங்கிய பிறகும், ஒன்றரை லட்சம் பேர் வந்திருக்கிறார்கள். எனக்கு அது பெரிய எண்ணிக்கையாகத்தான் தெரிகிறது.

பிப்ரவரி 6, வியாழன்

கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தைக்கு விடியற்காலையில் போனேன். பனியும் சாணமும் வைக்கோலும் கலந்த வாசனை. தரகர்கள் துண்டுக்கு அடியில் கையைக் கோத்து விரலால் விலை பேசுகிறார்கள். பக்கத்தில் நிற்கிறவருக்குக்கூட ஒன்றும் புரியாது. சிவப்பு நிறக் கலப்பினப் பசு ஒன்றின் விலை மட்டும் வாய்விட்டுச் சொன்னார்கள்: 62 ஆயிரம். ஒரு மாட்டை வாங்கவே ரொக்க வரம்பைத் தாண்டியாக வேண்டும். நல்லகவுண்டன்பாளையத்துக் கன்றை விற்க வந்த ஒருவர், திரும்பிப் போகும்போது வழியில் கேட்டால் காட்டுவதற்காகச் சந்தை ரசீதை வேட்டி முடிச்சில் சுருட்டி வைத்திருந்தார். அதை எனக்கும் எடுத்துக் காட்டினார். மூன்றாம் தேதி நான் நின்ற நிலை நினைவுக்கு வந்தது. எனக்கு ஃபோனில் கணக்கு இருந்தது. இவருக்கு ஈரம் பட்டால் அழிந்துபோகும் ஒரு துண்டுச் சீட்டு.

பிற்பகலில் கொத்தனார் வந்து வீட்டு ஓடுகளைப் பார்த்தார். வேலை பங்குனியில்தான் தொடங்குமாம்.

பிப்ரவரி 7, வெள்ளி

பவானி கூடுதுறை. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, இருந்தும் பெரியம்மா சில்லறையைக் கையில் வைத்திருந்தார். சித்தோடு அருகே அரசுப் பொறியியல் கல்லூரியில்தான் இயந்திரங்களைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று பக்கத்து இருக்கைக்காரர் சொன்னார். பேச்சு அங்கேயே நின்றிருக்கலாம். பெரியம்மாவின் விரலில் மையைப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே, "கிழக்குத் தொகுதிங்களா? எவ்வளவு கிடைத்தது?" என்று கேட்டார்.

எனக்கு முகம் எரிந்தது. திருமங்கலம் எம்.எல்.ஏ. இறந்ததால் 2009-இல் அங்கே நடந்த, ஓட்டுக்குப் பணம் என்று பேசப்பட்ட தேர்தலுக்குப் பிறகு, இடைத்தேர்தல் என்றாலே எல்லாருக்கும் வருகிற முதல் கேள்வி இது. 2023-இல் வாக்காளர்களைக் கொட்டகைகளில் பட்டி போட்டு அடைத்து வைத்ததாக எதிர்க்கட்சிகள் குற்றம் சாட்டின. கொடுக்கிறவர்களைக் கேட்க வேண்டிய கேள்வி அது. பேருந்தில் எதிரே உட்கார்ந்திருக்கிற, முன்பின் தெரியாத ஒரு வயதான பெண்ணிடம் சிரித்துக்கொண்டு கேட்கிற துணிச்சல் எங்கிருந்து வருகிறது? நான் வாயைத் திறப்பதற்குள் பெரியம்மா அவர் பக்கம் திரும்பினார்.

"சாமி, எனக்குக் கால் வலி கிடைத்தது. வரிசையில் ஒரு பொண்ணு இடம் விட்டது. அவ்வளவுதான் கிடைத்தது" என்றார்.

அந்த மனிதர் கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பவானியில் இறங்கும்போது எங்கள் பையை அவரே தூக்கி இறக்கிக் கொடுத்தார்.

கூடுதுறையில் காவிரியும் பவானியும் சேர்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அமுத நதியும் சேர்வதாக நம்பிக்கை. சங்கமேசுவரர் கோயில் மதில் நிழலில் வரிசையாகப் புரோகிதர்கள். பிள்ளை இல்லாத வீடு. அதனால் பெரியப்பாவின் தம்பி மகன் கோபிசெட்டிபாளையத்திலிருந்து வந்து எள்ளும் தண்ணீரும் இறைத்தான். பெயர் கேட்டார்கள், கோத்திரம் கேட்டார்கள், அப்பா பெயர், தாத்தா பெயர். ஒவ்வொரு பெயரையும் பெரியம்மா பின்னால் இருந்து மெதுவாக எடுத்துக் கொடுத்தார். பெயர் சொல்லி அழைத்த பிறகுதான் எள் விழுகிறது. தண்ணீர் அசையாமல் தேங்கி நின்றது, பிண்டம் கரைந்து போக நேரம் ஆயிற்று. அது முழுக்கக் கரையும்வரை பெரியம்மா படியை விட்டு எழவில்லை.

பக்கத்துப் படியில் இன்னொரு குடும்பம். மிக இளம் வயதுப் பையன் ஒருவனின் படம், புது மாலை. அந்தத் தாய் பெரியம்மாவைப் பார்த்தார். இருவரும் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போகும்போது பெரியம்மா தம் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார்.

மதியம் வீட்டில் வாழையிலைச் சாப்பாடு: வாழைக்காய்ப் பொரியல், பாசிப்பருப்பு, எள்ளுருண்டை. காக்கைக்கு வைத்ததை முதல் அழைப்பிலேயே வந்து எடுத்துக்கொண்டது.

பிப்ரவரி 8, சனி

எட்டு மணிக்கு வாக்கு எண்ணிக்கை தொடங்கியது. டெல்லி சட்டமன்றத் தேர்தல் முடிவும் இன்றுதான் என்பதால் தொலைக்காட்சியில் எங்கள் தொகுதி கீழே ஓடுகிற ஒரு வரியாக இருந்தது. பெரியம்மா அந்த ஒரு வரிக்காகக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

பிறகு எழுந்துபோய்ப் பரணிலிருந்து ஒரு பேரேட்டை இறக்கச் சொன்னார். சிவப்புத் துணி அட்டை, கிடங்கில் கணக்கெழுதுகிற அதே வகை. திறந்தால் பெரியப்பாவின் கையெழுத்தில் தேர்தல்கள். பழைய ஈரோடு தொகுதியிலிருந்து தொடங்கி, மறுசீரமைப்புக்குப் பிறகு ஈரோடு கிழக்கு ஆன வரை, ஒவ்வொரு முடிவும் பத்தி பிரித்து, கூட்டிச் சரிபார்த்து, அடியில் இரட்டைக் கோடு. 2011: வி.சி. சந்திரகுமார், தே.மு.தி.க. 2016: கே.எஸ். தென்னரசு, அ.தி.மு.க. 2021: திருமகன் ஈவெரா, காங்கிரஸ், வித்தியாசம் 8,904. அதற்குக் கீழே கடைசியாக ஒரு வரி, கோணலான எழுத்தில்: "4-1-2023. திருமகன் ஈவெரா மறைவு. வயது 46. பாவம்."

கணக்கெழுதுகிற மனிதர் பேரேட்டில் "பாவம்" என்று எழுதியிருக்கிறார். 27 நாளில் அவரும் போய்விட்டார்.

"மீதியை நீ எழுது. உன் எழுத்துத்தான் அவர் எழுத்து மாதிரி இருக்கும்" என்றார் பெரியம்மா.

மாலைக்குள் முடிவு முழுதாகத் தெரிந்துவிட்டது. சந்திரகுமார் 1,15,709. சீதாலட்சுமி 24,151. வித்தியாசம் 91,558. வென்றவரைத் தவிர யாருக்கும் வைப்புத்தொகை திரும்பக் கிடைக்கவில்லை. இந்தத் தொகுதி உருவானபோது முதல் உறுப்பினராக இருந்தவரே, கட்சி மாறி, 14 வருடம் கழித்துத் திரும்ப வந்திருக்கிறார். பெரியப்பா இருந்திருந்தால் இந்த இரண்டு வரிகளையும் ஒரு கோட்டால் இணைத்திருப்பார். தெரு முனையில் பட்டாசு வெடித்தது. இரண்டு பையன்கள் வீடு வீடாக லட்டு கொடுத்துக்கொண்டு வந்தார்கள். பெரியம்மா வாங்கிச் சாமி படத்தின் முன் வைத்தார்.

ஆசிரியர் ஐயா படிவம் 7-ஐக் கொண்டுவந்திருந்தார். திங்கட்கிழமைக்கு மேல் கொடுத்துவிடலாம் என்றார். நான் நிரப்பினேன். யாருடைய பெயரை நீக்க வேண்டும், வாக்காளர் அட்டை எண், காரணம். காரணத்துக்கு எதிரே கட்டங்கள். முதல் கட்டம், இறப்பு. அதில் குறியிடப் பேனாவை வைத்தேன். "கொடு, நான் போடுகிறேன்" என்று வாங்கிக்கொண்டார். குறியிட்டார், கையெழுத்துப் போட்டார். இடது கை காகிதத்தைப் பிடித்திருந்தது, ஆட்காட்டி விரலில் மை நகக்கண்வரை இறங்கிக் கறுத்திருந்தது.

பிறகு நான் பேரேட்டை எடுத்து, "பாவம்" என்ற வரிக்குக் கீழே எழுதத் தொடங்கினேன். 2023: ஈ.வெ.கி.ச. இளங்கோவன், காங்கிரஸ், 1,10,156. கே.எஸ். தென்னரசு, அ.தி.மு.க., 43,923. வித்தியாசம் என்று எழுதிக் கழித்துக்கொண்டிருந்தபோது பெரியம்மா குனிந்து பார்த்தார்.

"இதை அடித்துவிட்டுக் கீழே எழுது கண்ணு. நடுவில் ஒரு வரி வேண்டும்."

பேரேட்டில் அடித்தல் திருத்தல் கூடாது என்பார் பெரியப்பா. ஆனாலும் மேலே ஒரு கோடு போட்டு அடித்தேன், ஒரு வரி விட்டு மறுபடியும் எழுதினேன். எழுதி முடித்ததும் பெரியம்மா பேனாவை வாங்கினார். ஐந்தாம் வகுப்போடு நின்ற கையெழுத்து. ஒவ்வோர் எண்ணாக, மெதுவாக, நான் அடித்த கோட்டின் மேலேயே "31-1-2023" என்று எழுதிவிட்டு, மை காயும்வரை பேரேட்டை மூடாமல் மடியில் வைத்திருந்தார்.